பதில் குரல்

தொட்டிக்காரி வீட்டுல யாராவது கூப்பிட்டா பதில் சொல்லாம இருக்கக் கூடாது. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் சரி, புருசனும் பொண்டாட்டியும் சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தாலும் சரி, கூப்பிட்ட குரலுக்குக் குரல் குடுத்துட்டுத்தான் மறுவேலை. அது அவங்க தொழில்ல வந்த பழக்கம். நான் பக்கத்து வீடு. தையல் மெஷினை மிதிக்கிறவ. நடுவுல இருக்கிறது ஒத்தைச் செவுருதான், அவங்க இருமினாக்கூட எனக்குக் கேக்கும்.

தொழில்னா தண்ணித் தொட்டி கழுவுறது. மொட்டைமாடித் தொட்டியெல்லாம் ஒண்ணும் பெரிசில்ல. பூமிக்கு அடியில கட்டி வெச்சிருப்பாங்களே, அதுதான் ஆளைத் தின்னுடும். மூடியத் திறந்து காத்தாட விட்டு, இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு, வாளியும் பிரஷ்ஷுமா ஒருத்தர் உள்ள இறங்கணும். இன்னொருத்தர் தொட்டி வாய்ல உக்காந்து கயித்தப் புடிச்சுக்கணும். உள்ள காத்து எப்பக் கெட்டுப்போகும்னு சொல்லவே முடியாது. பாசியத் தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க, லேசாத் தலை கிறுகிறுக்கும், சுகமாத் தூக்கம் வர்ற மாதிரி இருக்குமாம். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. அதனால மேல இருக்கிறவங்க அடிக்கடி குனிஞ்சு "இருக்கியா?"ன்னு கேக்கணும். உள்ளேருந்து "இருக்கேன்"னு பதில் வரணும். வந்தா வேலை நடக்கும். வரலைன்னா ஏன் எதுக்குன்னு யோசிக்காம கயித்த இழுத்துடணும்.

இந்த இருக்கியாவும் இருக்கேனும் வேலையோட நிக்கல, வீட்டுக்குள்ளயும் வந்து ஒட்டிக்கிச்சு. அவன் பின்கட்டுல குளிச்சுக்கிட்டே "இருக்கியா"ம்பான். இவ அடுப்படியிலேருந்து "இருக்கேன்"ம்பா. கல்யாணமாகி இத்தனை வருசம் கழிச்சு என்னடி கொஞ்சல் வேண்டிக்கிடக்குன்னு நான் கேலி பண்ணுவேன். அவ சிரிப்பா. அவளுக்குச் சிரிச்சாக் கண்ணு ரெண்டும் காணாமப் போயிடும்.

அவங்களுக்கு ஒரே பொண்ணு. ஒரு இடத்துல நிக்காம சுத்திக்கிட்டே இருந்ததால அப்பன் வெச்ச செல்லப்பேரு தும்பி. பொறந்ததுலேருந்தே அவளுக்குக் கொஞ்சம் கரகரத்த குரலு. சளி புடிச்ச மாதிரி இருக்கும், ஆனா நல்லாக் கணீர்னு இருக்கும். லீவு நாள்ல அவளும் கூடப் போயி கயித்தப் புடிச்சுப் பழகினவ. தொட்டியில இறங்கினவங்க பதிலை இழுத்துச் சொல்லக் கூடாது, எதிரொலியில குழம்பிடும்னு அப்பன் சொல்லிக் குடுத்திருந்தான். மூச்ச இழுத்து, ஒரே வெட்டா வெட்டிச் சொல்லணும்.

அந்த வருசம் அவளை மெயின் ரோட்டுல இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. அங்க காலையில பேரு கூப்பிட மாட்டாங்க, நம்பர்தான். டீச்சர் தலையக் குனிஞ்சுக்கிட்டே நம்பரை வாசிப்பாங்க, பிள்ளைங்க "ப்ரசென்ட் மிஸ்"னு சொல்லணும். மொத நாளு தும்பியோட நம்பர் வந்தப்ப, பயமோ பழக்கமோ, அவ தொட்டிக்குள்ள நிக்கிற மாதிரி மூச்ச இழுத்து "இருக்கேன்"னு சொல்லிட்டா. கிளாஸே தூக்கிவாரிப் போட்டு, அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சுதாம். டீச்சரும் சிரிச்சுட்டு, உனக்கு அதுவே இருக்கட்டும்னுட்டாங்களாம். சாயங்காலம் தும்பியே வந்து எங்களுக்கு நடிச்சுக் காட்டினா. நாங்களும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

அந்தக் கிளாஸ்ல மளிகைக்கடைக்காரர் பொண்ணு ஒருத்தி இருந்தா. நல்லா மிமிக்ரி பண்ணுவாளாம். பஸ் ஹாரன், ஹெட்மாஸ்டர் இருமல், எது வேணும்னாலும் அப்படியே அச்சு அசலா வரும். அவ தும்பியோட குரலைப் புடிச்சுக்கிட்டா. மொதல்ல சாப்பாட்டு மணியில மட்டும். அப்புறம் கிளாஸ் மொத்தமும் அவகிட்டக் கத்துக்கிச்சு. ஒருத்தி படிக்கட்டுக்குக் கீழேருந்து "இருக்கியா?"ங்கிறது, இன்னொருத்தி கக்கூஸுக்குள்ளேருந்து தும்பி குரல்ல "இருக்கேன்"ங்கிறது. தும்பி திரும்பிப் பார்த்தா எல்லா மூஞ்சியும் புஸ்தகத்துக்குள்ள இருக்கும். யாரு கூப்பிட்டது, யாரு பதில் சொன்னதுன்னு ஒண்ணும் தெரியாது.

எனக்கு அது விளையாட்டு இல்லைன்னு புரிஞ்சது ஒரு சாயங்காலம். தச்ச பாவாடையக் குடுக்கப் போயிருந்தேன். மழை வர்ற மாதிரி மூட்டமா இருந்துச்சு, கரண்ட்டும் இல்ல. மூணு பேரும் சாப்பிட உக்காந்திருந்தாங்க. தொட்டிக்காரி பொண்ணு தட்டுல சோறு போட்டுட்டு முட்டைய உரிச்சுக்கிட்டு இருந்தா. அப்பத் தெருமுனையிலேருந்து யாரோ "இருக்கியா?"ன்னாங்க. கொஞ்சம் தள்ளி, வேற பக்கத்துலேருந்து, "இருக்கேன்"னு தும்பி குரல் கேட்டுது.

தொட்டிக்காரி பழக்கதோசத்துல வாசலப் பார்த்து, "இருட்டுறப்ப அங்க என்னடி பண்ற, உள்ள வா"ன்னுட்டா.

சொல்லிட்டு அப்படியே நின்னுட்டா. தும்பி அவ முன்னாடிதான் உக்காந்திருக்கா, வாய்ல சோத்தோட. அம்மா மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தா அந்தப் பொண்ணு.  பெத்த தாயே ஏமாந்துட்டான்னா அப்புறம் என்ன இருக்கு. அப்பன் எந்திரிச்சு ஓடினான். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. செருப்புச் சத்தம் மட்டும் தூரத்துல கேட்டுதாம்.

மறுநாள் தொட்டிக்காரி வேலைக்குப் போகாம பள்ளிக்கூடத்துக்குப் போனா. டீச்சர் நல்லபடியாத்தான் பேசினாங்களாம். அடிச்சாங்களா, கிள்ளினாங்களா, திட்டினாங்களான்னு கேட்டாங்களாம். அதெல்லாம் இல்லைன்னு இவ சொல்லியிருக்கா. அப்ப என்னம்மா, புதுப் பிள்ளைன்னா நாலு நாளைக்கு அப்படித்தான் இருக்கும், கண்டுக்கலைன்னாத் தானா விட்டுடுவாங்கன்னு அனுப்பிட்டாங்க. இவளும் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு வந்து பொண்ணை உக்கார வெச்சா.

"யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்லாத. காதுல விழாத மாதிரி இரு. நீ பதில் சொல்றதாலதான் அவங்களுக்குக் குஷி"ன்னா.

தொட்டிக்காரன் அதிகம் பேசாதவன். அன்னிக்குப் பேசினான். "நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பதில் சொல்லாதன்னா சொல்லிக் குடுக்கிற?"

"பின்ன என்ன பண்றது? தெனம் போயி நான் காவல் நிக்கவா?"

"எனக்குத் தெரியல. ஆனா இது எனக்குச் சரியாப் படல."

சரியாப் படலைன்னா வேற வழி சொல்லணுமில்ல. அவனுக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல, எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது. பெரியவங்க கையாலாகாதப்ப சொல்ற புத்திமதிதான அது, கண்டுக்காத, கண்டுக்காதன்னு.

தும்பி சொன்ன பேச்சு கேக்கிற பொண்ணு. பதில் சொல்றத நிறுத்திட்டா. பள்ளிக்கூடத்துல மட்டுமில்ல, வீட்லயும். தொட்டிக்காரி அடுப்படியிலேருந்து கூப்பிடுவா, பதிலே இருக்காது. எங்க போனான்னு திரும்பினா முதுகுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டு இருப்பா. எப்படி வந்தா, எவ்வளவு நேரமா நிக்கிறா, ஒண்ணும் தெரியாது. துறுதுறுன்னு சுத்தின பொண்ணு, செவுத்தோரமா அடி மேல அடி வெச்சு நடக்க ஆரம்பிச்சா. செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்த சத்தமெல்லாம் ஒவ்வொண்ணாக் கொறைஞ்சுது. மெஷினை நிறுத்திட்டுக் காதைக் குடுத்துக் கேப்பேன். மூணு பேரு இருக்கிற வீடு, ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும்.

ஒரு நாள் பாவாடை ஓரம் பிரிச்சு விடணும்னு என்கிட்ட வந்தா. பக்கத்துல மண்டி போட்டு அளவெடுத்துக்கிட்டு, ஏன்டி குட்டி, பெரியம்மாகிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசேன்னு கேட்டேன். குரல் எழும்பாம, வெறும் காத்தாச் சொன்னா.

"நான் பேசினா எனக்கே அவங்க பேசுற மாதிரி இருக்கு பெரியம்மா. அந்தக் குரல் இப்ப அவங்ககிட்டத்தான் இருக்கு."

 அவளை இழுத்து மடியில வெச்சுக்கிட்டேன். அந்தப் பாவாடையில ஈரச் சிமெண்ட்டு வாடை, பாசி வாடை. அவங்க அம்மா துணிகூடப் போட்டுத் துவைச்சிருப்பா, அதான்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் அந்த நாள் வந்துச்சு. தொட்டிக்காரன் வெளியூர்ல ஒரு மில்லுத் தொட்டி கழுவப் போயிருந்தான். உள்ளூர்ல ஒரு வேலை மாட்டிக்கிச்சு, கயிறு புடிக்க ஆளில்ல, வாங்கக்கான்னு தொட்டிக்காரி என்னைக் கூட்டிக்கிட்டுப் போனா. காலையிலேருந்து ஒரே புழுக்கம். வானம் மூடிக்கிட்டே இருந்துச்சு, ஒரு சொட்டு விழல. நான் தொட்டி வாய்ல உக்காந்து தொண்டை வறள வறளக் கூப்பிட்டேன், அவ பதில் குடுத்தா. அவ பதில் வர ஒரு நொடி தாமதிச்சாலும் கயித்த இறுக்கிப் புடிச்சேன். இந்த வேலையத் தெனம் பண்றவங்களுக்கு ராத்திரி எப்படித்தான் தூக்கம் வருதோன்னு இருந்துச்சு.

வேலை முடிஞ்சு கயித்தத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். டீ போட்டுக் குடிச்சோம். பொண்ணு வர்ற நேரம் தாண்டிடுச்சு. மழை இப்ப வரும் இப்ப வரும்னு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஸ்பெஷல் கிளாஸா இருக்கும்னு நான் சொன்னேன். அவ டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "எனக்கு என்னமோ மாதிரி இருக்குக்கா, வாங்க"ன்னு கிளம்பிட்டா. கயித்தத் தோள்லேருந்து இறக்கக்கூட இல்ல.

பள்ளிக்கூடத்துல அந்தக் கிளாஸ்ல மட்டும் விளக்கு எரிஞ்சுது. பரீட்சைக்காக எல்லாரையும் உக்கார வெச்சிருந்தாங்க. டீச்சர் வாசலுக்கு வந்து என்னம்மான்னு கேட்டாங்க. பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேன்னு இவ சொன்னா. உள்ளதான இருக்கா, காலையில, மத்தியானம், இப்பன்னு மூணு தரமும் பதில் சொன்னாளேன்னு டீச்சர் திரும்பினாங்க. நாங்களும் எட்டிப் பார்த்தோம். வரிசை வரிசையாப் பிள்ளைங்க. தும்பியக் காணோம்.

டீச்சர் நம்பரை வாசிச்சாங்க, சத்தமா.

"இருக்கேன்."

கரகரத்த அந்தக் குரலு, கிளாஸ் நடுவுலேருந்து வந்துச்சு. தொட்டிக்காரி "ஏ தும்பி"ன்னு உள்ள ஓடிட்டா. பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு பார்க்கிறா, கதவுக்குப் பின்னாடி பார்க்கிறா. பொண்ணு குரல் இருக்கு, பொண்ணு இல்ல.  அப்ப நடு பெஞ்சுல ஒருத்தி ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தத நான் பார்த்தேன். மளிகைக்கடைக்காரர் பொண்ணு. வேணும்னு சொல்லல. நம்பரைக் கேட்டதும் தானா வந்துடுச்சு, அவ்வளவு பழகிப்போச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. தும்பி கிளாஸுக்கு வந்து ரொம்ப நாளாச்சாம். கேட்டுக்குள்ள வருவாளாம், மணி அடிக்கிறப்ப எங்கயோ போயிடுவாளாம். நம்பர் வாசிக்கிறப்ப மளிகைக்கடைக்காரர் பொண்ணு பதில் சொல்லிடுவாளாம். மொதல்ல கிண்டலுக்குத்தான் செஞ்சாளாம், அப்புறம் நிறுத்தினா மாட்டிக்குவோம்னு பயந்துக்கிட்டுத் தெனம் சொன்னாளாம். டீச்சர் ஒரு நாளும் தலை நிமிர்ந்து பார்க்கல. எங்க போவான்னு கேட்டதுக்கு ஒரு பொண்ணு மெதுவா ஜன்னல் பக்கம் கையக் காட்டினா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஹாஸ்டல் கட்டுறேன்னு ஆரம்பிச்சு வேலை பாதியில நின்ன கட்டடம். அதை ஒட்டி வரிசையா, பூமிக்கு அடியில கட்டின புதுத் தொட்டிங்க, குழாய்த் தண்ணி இன்னும் விடாம, மழைத்தண்ணி கசிஞ்சு பாசி புடிச்சுக் கிடந்துச்சு. மேல வெறும் தகரம் போட்டு மூடியிருக்கும்.

எனக்கு அந்தப் பாவாடை வாடை அப்பத்தான் புரிஞ்சுது. 

நாங்க அங்க போய்ச் சேரவும் மழை கொட்டவும் சரியா இருந்துச்சு. சும்மா மழையில்ல, பேய் மழை. கட்டடத்துமேல விழுற தண்ணியெல்லாம் ஓடி அந்தத் தொட்டிங்க பக்கம்தான் வருது. தகரத்துமேல மழை விழுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே கேக்கல. டீச்சரும் பிள்ளைங்களும் பின்னாலயே ஓடி வந்து ஒரு கூட்டமா நின்னாங்க. தொட்டிக்காரி ஒவ்வொரு தகரமா இழுத்துப் போட்டுட்டுக் குனிஞ்சு "இருக்கியா?"ன்னு கூப்பிட்டா. உள்ள ஒரே கும்மிருட்டு. ஒண்ணுலேருந்தும் பதில் இல்ல.

பதில் வரலைன்னா இறங்கணும். ஆனா எதுல இறங்குறது? அத்தனையும் ஒரே மாதிரி வாயத் திறந்துக்கிட்டுக் கிடக்குது. ஒண்ணுல இறங்கித் தேடி ஏறுறதுக்குள்ள இன்னொண்ணுல தண்ணி ஏறிடும். அவ இடுப்புல கயித்தக் கட்டப் பார்த்தா. முடிச்சு நிக்கல. எனக்குச் சுத்தத் தெரியாம நான் கயித்தத் தப்புத் தப்பாச் சுத்திக்கிட்டு நிக்கிறேன். "அப்படி இல்லக்கா, இடுப்புல ரெண்டு சுத்து சுத்துங்க, காலையில சொல்லிக் குடுத்தேன்ல, எத்தனை தடவைதான் சொல்றது"ன்னு என்னைப் பார்த்துக் கத்தினா.

தகரமெல்லாம் விலகினதுல சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்துச்சு. அப்பத்தான் அது கேட்டுது. மழைக்குள்ள, லேசா.

"இருக்கேன்."

தொட்டிக்காரி சடார்னு திரும்பினா. தொட்டிப் பக்கம் இல்ல, பிள்ளைங்க பக்கம். நேராப் போயி மளிகைக்கடைக்காரர் பொண்ணு கன்னத்துல விட்டா ஒரு அறை. "இப்பவுமாடி உனக்கு விளையாட்டு"ன்னு கேட்டவ அப்படியே ஈர மண்ணுல உக்காந்துட்டா. பெத்தவ காதுக்கே பெத்த பொண்ணு குரல் பொய்யாப் போச்சு. 

அந்தப் பொண்ணு கன்னத்தப் புடிச்சுக்கிட்டு அழல. மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னா, "நான் இல்ல ஆன்ட்டி. அது அவதான்."

"பொய் சொல்லாத."

"சத்தியமா ஆன்ட்டி. சொல்றதுக்கு முன்னாடி அவ ஒரு மூச்சு இழுப்பா. எனக்கு அது மட்டும் வரவே வராது. எத்தனையோ தடவை செஞ்சு பார்த்துட்டேன், வராது. இப்பக் கேட்டதுல அந்த மூச்சு இருந்துச்சு."

 தொட்டிக்காரி அவ மூஞ்சியவே பார்த்தா. நம்புறதா வேண்டாமா? நம்பித் தப்பாப் போனா பொண்ணு போச்சு. நம்பாம விட்டாலும் போச்சு. இத்தனை நாளும் பொண்ணைத் தின்ன வாயி, அதைத்தான் இப்ப நம்பணும். அந்தப் பொண்ணு கை நீட்டி, "அதோ, ஓரத்துல இருக்கே, அதுலேருந்து"ன்னா.

தொட்டிக்காரி எந்திரிச்சா. நேரா அந்த ஓரத்துத் தொட்டிக்குப் போனா. நான் கயித்தப் புடிக்க, டீச்சர் என் இடுப்பைப் புடிக்க, பிள்ளைங்கல்லாம் வாலு மாதிரி பின்னாடி புடிக்க, அவ இருட்டுக்குள்ள இறங்கிட்டா. நான் குனிஞ்சு கூப்பிட்டேன். கீழேருந்து "இருக்கேன்"னு அவ குரல் வந்துச்சு. திரும்பக் கூப்பிட்டேன். இப்பக் கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரல. நான் இழுக்கலாம்னு கையத் தூக்கிட்டேன்.

"ரெண்டு பேரும் இருக்கோம்க்கா, இழுங்க."

உசுரு போய் உசுரு வந்துச்சு எனக்கு. வேலைக்காரங்க போட்டுட்டுப் போன மூங்கில் ஏணியிலதான் தெனம் இறங்கி, உள்ளேருந்தே தகரத்த இழுத்து மூடிக்கிட்டிருந்திருக்கா. அன்னிக்கு அது பாசியில வழுக்கிக் கீழ விழுந்து முறிஞ்சுபோச்சு. காலையிலேருந்து உள்ளயே கிடந்திருக்கா. உக்காந்த இடத்துல தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு, மூச்சு சரியா வராம உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. மேல கொண்டுவந்து படுக்க வெச்சதும் தொட்டிக்காரி அவ கன்னத்தத் தட்டித் தட்டி, கத்தியிருக்கலாம்லடி, யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்லடின்னு அழுதா.

தும்பி கண்ணத் தொறந்து, "நீ கூப்பிட்டது கேட்டுச்சும்மா. அவங்கதான்னு நினைச்சேன். நீதான பதில் சொல்லாதன்ன"ன்னா. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "அப்புறம் பெரியம்மாவைத் திட்டின பாரு. அப்பத்தான் நீன்னு தெரிஞ்சுது"ன்னா.

ஆஸ்பத்திரியில வெச்சிருந்துட்டு அனுப்பினாங்க. தொட்டிக்காரன் வெளியூர்லேருந்து வந்து, விசயத்தக் கேட்டு, பொண்ணு காலைப் புடிச்சுக்கிட்டு ஒரு பொழுது பூராவும் உக்காந்திருந்தான். பொண்டாட்டிய ஒரு வார்த்தை சொல்லல. அவதான், நான் சொன்ன புத்திமதி என் பொண்ணைக் குழியில தள்ளிடுச்சுக்கான்னு என்கிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனா.

ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்தாரு. யாரை என்ன பண்ணணும் சொல்லுங்க, டிசி குடுத்து அனுப்பிடுறேன்னாரு. தொட்டிக்காரி, யாரையும் ஒண்ணும் பண்ண வேணாம், நம்பர் வாசிக்கிறப்பத் தலைய நிமிர்த்தி மூஞ்சியப் பார்க்கச் சொல்லுங்க, எனக்கும் அந்தப் பிள்ளைங்ககிட்டக் கொஞ்ச நேரம் பேசணும்னு கேட்டா. கயித்த எடுத்துக்கிட்டுப் போயி கிளாஸ் நடுவுல நின்னு, அந்தச் சொல்லு எதுக்காக, பதில் வரலைன்னா என்ன ஆகும், பொய்ப் பதில் வந்தா என்ன ஆகும்னு பொறுமையாச் சொன்னா. பிள்ளைங்க அழுதுச்சுங்க. டீச்சரும் அழுதாங்க. டீச்சர் அன்னிலேருந்து ஒவ்வொரு பிள்ளையோட கண்ணையும் பார்த்துத்தான் நம்பர் வாசிக்கிறாங்க. சரி, தொல்லை விட்டுதுன்னு நான் நினைச்சேன்.

எங்க விட்டுது! அழுத பிள்ளைங்க மறுவாரமே வேற ஆளைப் புடிச்சுக்கிச்சுங்க. மளிகைக்கடைக்காரர் பொண்ணு உள்ள வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்திடுறது. அவ பெஞ்சுல யாரும் உக்கார்றதில்ல. அவ போற வழியில முதுகுக்குப் பின்னாடி, யாரு வாயின்னு தெரியாம, "கொலைகாரி"ன்னு ஒரு சத்தம். அவகிட்டக் கத்துக்கிட்ட வித்தைதான, அவ மேலயே ஏவிவிட்டாங்க. தும்பி இதை வந்து சொன்னப்ப, பட்டாத்தான் தெரியும்னு தொட்டிக்காரி வாய்க்குள்ளயே முனகினா. எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் காலையில, வெயில் சுள்ளுன்னு அடிக்குது, தும்பி பையோட ஓடி வந்து நின்னா. பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச நேரம். மளிகைக்கடைக்காரர் பொண்ணைக் கேட்டுக்குள்ள பார்த்தேன், கிளாஸுக்கு வரல, வாம்மா போலாம்னா.

"டீச்சர்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லிட்டேன். அவங்க அவ வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்காங்க. அவ அங்க இருக்க மாட்டா."

தொட்டிக்காரிக்கு மூக்குமேல கோவம் வந்துச்சு. "அவ எங்க போனா உனக்கென்னடி? உன்னை என்ன பாடு படுத்தினா?"

தும்பி அழல, கத்தல. "எங்க போயி உக்காருவான்னு எனக்குத் தெரியும்மா, மொதல்ல நானும் அங்கதான் போவேன். வேற யாருக்கும் தெரியாது."

தொட்டிக்காரி அவளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. கையத் துடைச்சுக்கிட்டுச் செருப்பை மாட்டினா.

பின்னாடி இருந்த தொட்டியெல்லாம் இப்பச் சிமெண்ட்டுப் பலகை போட்டு மூடியாச்சு. தும்பி அந்தப் பக்கமே போகல. பாதியில நின்ன அந்தக் கட்டடத்துக்குள்ள நுழைஞ்சு படியேற ஆரம்பிச்சா. கைப்பிடி இல்லாத படி. மேல ஏற ஏறக் கிளாஸ்ல பிள்ளைங்க பாடம் ஒப்பிக்கிற சத்தம் கீழ போயிக்கிட்டே இருந்துச்சு. மொட்டைமாடியில சுத்துச்சுவர் இன்னும் எழுப்பல. வெறும் ஓரம்தான். அந்த ஓரத்துல, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அவ உக்காந்திருந்தா.

 தொட்டிக்காரி கூப்பிட வாயத் திறந்தா. தும்பி அவ கையப் புடிச்சு நிறுத்தி, வேண்டாம்னு தலைய ஆட்டினா. பின்னாடியிருந்து கூப்பிடாதம்மான்னு உதட்டாலேயே சொன்னா. செருப்பைக் கழட்டல. சரக்சரக்குன்னு நல்லாச் சத்தம் கேக்கிற மாதிரி நடந்து, தூரமாச் சுத்திக்கிட்டுப் போயி, அந்தப் பொண்ணுக்குத் தன் மூஞ்சி தெரியிற இடமாப் பார்த்து நின்னா.

"போயிடு"ன்னா அவ. மெல்லிசா, கொஞ்சம் மூக்கால பேசுற குரலு.

"உன் குரல் இப்படியா இருக்கும்?"ன்னு தும்பி கேட்டா. "நான் கேட்டதே இல்லியே."

அவ அழ ஆரம்பிச்சா. தும்பி பையக் கழட்டிக் கீழ வெச்சா. அப்புறம் மெதுவாக் கிட்டப் போயி, அவளைக் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரச் சொல்லிட்டு, அவளுக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டா.